பூவம்மாவின் ஒட்டுப்படம்

கடலுக்கு இரண்டு பக்கமும் கிடக்கும் புருஷன் பெண்டாட்டியை ஒரே படத்தில் சேர்த்து வைப்பதுதான் இஞ்ஞாசியின் வேலை. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டுப் படக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருப்பார். புருஷன் இங்கே நின்று படம் எடுத்துக்கொள்வான். பெண்டாட்டியின் படம் ஊரிலிருந்து தபாலில் வரும். இருவரையும் கத்தரித்து, ஒட்டி, ஒட்டின தடம் தெரியாமல் மை தீட்டி, மறுபடி படம் பிடித்தால் தீர்ந்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர்தான். ஆனாலும் பாதிரியார் சேர்த்துவைத்த ஜோடிகளைவிட நான் சேர்த்துவைத்தவை அதிகம் என்று பீற்றிக்கொள்வார்.

அதில் அவர் கண்டுபிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. மனைவியோடு ஒரே அறையில் குடியிருக்கும் உள்ளூர்க்காரர்களிடம் "வீட்டுல எப்படி?" என்று கேட்டால் மூஞ்சியைச் சுளிப்பார்கள். ஒட்டுப்படக்காரர்களோ, "ரொம்ப நல்லா போவுது லா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். அவர்களில் முதல் பரிசு, துறைமுகத்தில் வேலை பார்த்த கோவிந்தசாமிக்கு.

1951-ல் அவர் கொண்டுவந்து கொடுத்த பூவம்மாவின் படம்தான் கடைசிவரை. வேறு படம் ஊரிலிருந்து வரவில்லை. இவரும் ஊருக்குப் போகிறேன் போகிறேன் என்பாரே தவிரப் போனதில்லை. ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி புதுச் சட்டையோடு வந்துவிடுவார்.

"எனக்கு வயசாவுதுண்ணே. அவ மட்டும் அப்படியே இருந்தா நல்லாவா இருக்கு? நீங்களே கொஞ்சம் பாத்துப் போடுங்க."

இஞ்ஞாசி பார்த்துப் போட்டார். ஒரு வருஷம் கன்னத்தில் சிறிது சதை. அடுத்த வருஷம் கண்ணுக்குக் கீழே நிழல். பெண்ணின் முகம் கடுகடுவென்று இருக்கிறதே என்று ஒரு தடவை உதட்டோரத்தைத் தூக்கிச் சிரிக்கவும் வைத்துவிட்டார். ஒரு பிரதி கோவிந்தசாமியின் தலைமாட்டுச் சுவருக்கு. ஒன்று கடல் தாண்டிப் பூவம்மாவுக்கு.

1956-ல் பிரஷ் வழுக்கி, அவள் இடது தாடையில் ஒரு மைப்புள்ளி விழுந்தது. படம் தபாலில் போன பிறகுதான் அது இஞ்ஞாசியின் கண்ணில் பட்டது. அடுத்த தீபாவளிக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"கோவிந்தசாமி, அந்தத் தாடையில ஒரு புள்ளி..."

"மச்சந்தானே? கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சே!"

அவர் போன பிறகு இஞ்ஞாசி பழைய படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தாடை கழுவித் துடைத்த தட்டுபோல் இருந்தது. இந்த மனிதனுக்குப் பெண்டாட்டியின் முகமே மறந்துவிட்டது, என் கைவேலையோடுதான் குடும்பம் நடத்துகிறான் என்பது அன்றுதான் உறைத்தது. இருந்தும் அந்த வருஷமும் புள்ளியை வைத்தார். வைக்காவிட்டால் மச்சம் எங்கே என்று கேட்பாரே.

1959-ல், ஊரில் பிரிந்து கிடக்கும் பெண்டாட்டிகளை இனி சிங்கப்பூருக்குள் விடமாட்டார்களாம் என்று பேச்சு அடிபட்டது. அலறியடித்துக்கொண்டு மனைவியை வரவழைத்தவர்களில் கோவிந்தசாமியும் ஒருவர்.

"கப்பல் ஏறிட்டாண்ணே!" என்று கடைவாசலிலிருந்தே கத்தினார்.

அன்றிலிருந்து இஞ்ஞாசிக்குச் சோறு இறங்கவில்லை. வந்து இறங்கப்போகிறவள் வேறு, படத்தில் இருக்கிறவள் வேறு. நீ யாரடி என்று கோவிந்தசாமி கப்பல்துறையிலேயே கேட்டுவிட்டால் அந்தப் பெண் எங்கே போவாள்? அந்தப் பாவம் யார் தலையில்? பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்றால், இதை எந்தக் கட்டளைக்குக் கீழே சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம், பட்டப்பகலில், இருவரும் கடைக்கு வந்தார்கள்.

இஞ்ஞாசி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கன்னச் சதை, கண்ணடி நிழல் எல்லாம் அவர் போட்ட இடத்தில் இருந்தன. அவை காலம் போட்டவையாகவும் இருக்கலாம். ஆனால் இடது தாடையில், கறுப்பாக, அதே அளவில் அந்தப் புள்ளி. உதட்டோரம் தூக்கிய அதே சிரிப்பு.

"பாத்தீங்களாண்ணே, படத்துல இருக்கற மாதிரியே!" கோவிந்தசாமிக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ந்து நின்று ஒரு படம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, முன்னறைக் கண்ணாடியில் தலைசீவப் போனார்.

"தாயி, அந்த மச்சம்..."

"ஊதுபத்தியால சுட்டுக்கிட்டேங்க," என்றாள் பூவம்மா. சிரிப்பு கலையவில்லை. "ஒரு தடவ சுட்டா வெளுத்துப் போவுது. மூணு தடவ சுட்டு, மை வச்சுத் தேச்சேன். நீ சிரிக்கிறதப் பாத்தா எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு இவுக எழுதுவாக. எனக்கு அங்க கொறையத் தவிர என்ன இருந்துச்சு? கண்ணாடியில நான் ஒருத்தி, படத்துல வேற ஒருத்தி. இவுக அவளோடதான சந்தோசமா இருந்தாக? வந்து எறங்குனா அவளத்தான தேடுவாக?"

ஒரே கல்யாணம்தான். சிங்கப்பூரில் விசாரித்தால் குறையில்லை. அந்தக் கரையில் விசாரிக்க வேண்டும் என்று எட்டு வருஷமாக இஞ்ஞாசிக்குத் தோன்றவேயில்லை.

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உதடு மட்டும் அவர் தூக்கி வைத்த இடத்திலேயே நின்றது.

முன்னறையிலிருந்து கோவிந்தசாமி திரும்பி வரும் காலடி கேட்டது. பூவம்மா முந்தானையால் அவசரமாக முகத்தைத் துடைத்து, தாடையை மட்டும் ஒற்றி எடுத்தாள்.

"வர்ற தீபாவளிக்கு மூஞ்சியில எதையாச்சும் மாத்தப் போறீகளாண்ணே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "முன்னாடியே சொல்லிடுங்க. எனக்குக் கொஞ்ச நாள் வேணும்."