முழங்கால் தண்ணீரில் ஏற்றிய கற்பூரம்

1973-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். காலை ஆறு மணி இருபது நிமிஷம். கரையில் நான் முதலில் பார்த்தது கட்டுமரத்தை. அதன் மூக்கு நிலத்தைப் பார்த்திருந்தது. கட்டைகளைப் பிணைத்த கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து தண்ணீரில் இழுபட்டுக் கொண்டிருந்தது. மரத்தின் மேல் யாரும் இல்லை.

பத்தடி தள்ளி மணலில் பொன்னன் கிடந்தான். என் தம்பி ஏழுமலையோடு தினமும் அந்த மரத்தில் கடலுக்குப் போகிறவன் அவன். இரண்டு பேர் அவன் நெஞ்சைத் தேய்த்துக் கொண்டிருந்தார்கள். "ஏழுமலை எங்கே?" என்று கேட்டேன். அவன் கையை மட்டும் கடல் பக்கம் நீட்டினான்.

மூன்றாம் நாள் புதுப்பட்டினம் பக்கம் உடல் ஒதுங்கியது. தோளில் இருந்த தழும்பை வைத்து நான்தான் அடையாளம் சொன்னேன். தம்பிக்கு வயது இருபத்தெட்டு. மனைவி வள்ளி, இரண்டு பெண் குழந்தைகள்.

அம்மனின் அடியார்களே, இது ஆறுதலான கதை இல்லை. ஆனாலும் அம்மன் செய்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. என் பெயர் தணிகாசலம். நம் குப்பத்தில் பிறந்து, செங்கல்பட்டில் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபராக இருக்கிறேன். பார்த்ததை மட்டும் எழுதுவது என் தொழில். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றம்.

1971-இல் புயலில் ஏழுமலையின் வலை போயிற்று. புது நைலான் வலைக்கு எழுநூறு ரூபாய் வேண்டும். மீன் வியாபாரி கோதண்டத்திடம் அவனை அழைத்துப் போனவன் நான். கோதண்டம் நல்ல வெள்ளை வேட்டி, நல்ல பேச்சு. எழுநூறையும் எண்ணிக் கொடுத்தார். வட்டி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "மீன எனக்கே போடு தம்பி, அது போதும்" என்றார். நான் செங்கல்பட்டுக்குப் போய் ஆறு வரியில் செய்தியும் எழுதினேன். மீனவர்களுக்கு வட்டியில்லாக் கடன் என்பது அதன் தலைப்பு. அச்சில் வந்ததை ஏழுமலை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தான்.

நம் கரையில் எல்லோரும் செய்த தவறுதான் அது. வட்டி என்று சொன்னால்தான் வட்டி என்று நினைத்தோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் பொன்னனை உட்கார வைத்து விலைகளைக் கேட்டேன். மற்றவர்கள் கரையில் ஏலம் விட்ட இறால் கூடை பன்னிரண்டு ரூபாய் போனால், ஏழுமலையின் கூடையை கோதண்டம் எட்டுக்கு எடுத்திருக்கிறார். இரண்டு வருஷமும் இப்படியே. கணக்குப் போட்டேன். விலைக் குறைவாகவே அவருக்கு ஆயிரத்துக்கு மேல் போயிருந்தது. எழுநூறு அப்படியே நின்றது. நடுவில் ஏழுமலை நூறு ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வாங்கவில்லையாம். "கொஞ்சம் கொஞ்சமா வாணாம், மொத்தமா குடு" என்று சிரித்தாராம்.

அன்று ஏன் அவர்கள் கடலுக்குப் போனார்கள் என்றும் கேட்டேன். காற்று மூன்று நாளாகச் சரியில்லை. வேறு மரம் எதுவும் இறங்கவில்லை.

"கோதண்டத்து லாரிக்காரன் வந்து கத்திகினு இருந்தாண்ணா" என்றான் பொன்னன். "ஐஸ் உருகுது, முதலாளி பேஜார் ஆயிட்டாரு, மீனு இல்லன்னா துட்ட எடுத்து வைன்னான். ஏழுமலதான், வாடா ஒரு வலை வுட்டுட்டு வந்துடலாம்னு இட்டுகினு போனான்."



ஏழாம் நாள் கோதண்டம் துக்கம் விசாரிக்க வந்தார். உண்மையாகவே கண் கலங்கினார். போகும்போது வள்ளியிடம் சொன்னார்: "கருமாதி அன்னிக்கு சொந்தக்காரங்க எதிர்ல பேசி முடிச்சிடலாம்மா. துட்டு இல்லன்னா மரத்தையும் வலையையும் நான் எடுத்துக்கறேன். நீ கவலப்படாத."

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நம் குப்பத்தில் இறந்தவனின் கடன் பதினாறாம் நாள் கருமாதிப் பந்தலில் பேசப்படும். அங்கே கொடுத்தது கொடுத்ததுதான். மறுநாள் யாரும் அதை மாற்றிப் பேச முடியாது. மரமும் வலையும் இருந்தால், கடலுக்குப் போகிறவர்கள் பிடித்ததில் மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு வள்ளிக்கு வந்துவிடும். குழந்தைகள் சாப்பிடும். மரம் போனால் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒன்பது நாள் இருந்தது.

பத்திரிகை எனக்கு அச்சான செய்திக்கு அங்குலக் கணக்கில்தான் கூலி தருகிறது. முன்பணம் கேட்டுக் கடிதம் போட்டேன்; பதில் இல்லை. வங்கியில் பட்டா கேட்டார்கள். கடற்கரை மணலுக்குப் பட்டா ஏது? கடைத்தெருவில் ஒரு வட்டிக்கடைக்காரர் உடனே தருவதாகச் சொன்னார். புரோநோட்டை நீட்டினார். தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பச் சொன்னேன்.

"பேப்பர்காரரே, பொண்டாட்டி எழுதின லெட்டரக்கூட திருத்தித்தான் படிப்பீங்களா?" என்று சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.  வைக்கும்போதும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு கூட்டுறவு நாணயச் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் என்னை உட்கார வைத்து, சட்டத்தைப் புரியும்படி சொன்னார். முதலில் உறுப்பினராகப் பங்குத்தொகை கட்ட வேண்டும், ஆறு மாதம் சேமிக்க வேண்டும், பிறகு இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் போட்டால் கடன். வட்டி எவ்வளவு என்பதைச் சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். எத்தனை தவணை என்பதும் அதில் இருந்தது. நியாயமான இடம். செங்கல்பட்டில் ஐந்து வருஷமாக அந்தப் பலகையைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாளும் நின்று படித்ததில்லை.

கடைசியாக நம் நாட்டாரிடம் போனேன். ஊர்த் தலைவர் என்ற முறையில் சாமிப் பங்குப் பணம் அவர் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மரமும் அம்மனுக்கு ஒதுக்கும் பங்கு சேர்ந்து, ஊர்க்காரர்களுக்கே கடனாகப் போகும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். கையில் கிடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. வாங்குகிறவர் அம்மன் எதிரில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நாட்டார் தலையை ஆட்டினார். "தீட்டு வூடு தணிகாசலம். அந்தப் பொண்ணு எப்படி கோயிலாண்ட வரும்? பதினேழாம் நாளு வா, தரேன்."

பதினாறாம் நாள் மரம் போய்விடும். பதினேழாம் நாள் பணம் கிடைக்கும்.

பதினான்காம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கோயிலுக்கு எதிரே மணலில் நின்றேன். எனக்கும் தீட்டு. உள்ளே போக முடியாது. கதவு திறந்திருந்தது, அம்மன் முகம் இருட்டில் தெரியவில்லை. விளக்கு மட்டும் தெரிந்தது. நான் பக்திமான் என்று பெயர் வாங்கியவன் இல்லை. திருவிழாவுக்குக்கூடச் செய்தி எழுதத்தான் வருவேன். அன்று வாய்விட்டு அழுதேன். "அம்மா, அவனைத் திருப்பிக் கேட்கவில்லை. அதற்கு நேரம் போய்விட்டது. நான் கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து அவளையும் குழந்தைகளையும் எடுத்து விடு" என்றேன்.  மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். புதுப்பட்டினத்தில் மீன் விற்றுவிட்டு நம் குப்பத்து மீன்காரி அஞ்சலையக்கா காலிக் கூடையோடு வந்தார். அந்த இரண்டு வருஷமும் ஏழுமலை பிடித்த மீனை ஒரு நாளும் அவரால் வாங்க முடிந்ததில்லை. எல்லாம் கோதண்டத்துக்குப் போய்விடும்.

"இன்னாடா, வெயில்ல குந்திகினு கீற? பொட்டச்சி மாரி அழுதுகினு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைக்காமல் கேட்டார். பிறகு, "ஏந்திரு" என்றார். நேராக நாட்டார் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"நாட்டாரே, தீட்டு வூட்டுக்காரி கோயிலுக்குத்தான வரக் கூடாது?"

"ஆமா."

"கடலுக்கு வரக் கூடாதுன்னு எவனாவது சொல்லிகிறானா? ஊர்ல தீட்டு இல்லாத வூடு எது? அதுக்குன்னு கடலு தள்ளியா போவுது? நம்ம ஆத்தா எங்கேந்து வந்தா? வலையில மாட்டி கடல்லேந்துதான வந்தா? அவ பொறந்த வூட்ல நின்னு சத்தியம் பண்ணா அவ காதுல வுழாதா?"

நாட்டார் அவர் கையிலிருந்த காலிக் கூடையைப் பார்த்தார். பிறகு, "மீனு விக்கறதோட இப்ப நியாயமும் விக்கிறியா அஞ்சல?" என்றார்.

"மீனாவது விக்கும் நாட்டாரே. இந்தக் குப்பத்துல நியாயத்த எவன் வாங்கறான்? கூடையிலயே நாறிப்பூடும்."

திண்ணமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து துண்டைத் தோளில் போட்டுக் கொண்டார். "பொம்பளைக்கு இதுவரைக்கும் சாமிப் பணம் குடுத்ததில்ல" என்றார். "இதுவரைக்கும் கேக்கல" என்றார் அஞ்சலையக்கா.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வள்ளி கடலில் இறங்கினாள். முழங்கால் அளவுத் தண்ணீர். பதினைந்து நாளில் அவள் வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் முறை. அவனைக் கொண்டுபோன தண்ணீரைப் பார்த்ததும் கரையிலேயே நின்றுவிட்டாள். "மாமா, என்னால ஆவாது" என்றாள்.  அஞ்சலையக்கா அவள் கையைப் பிடித்து, தானும் புடவை நனைய இறங்கினார்.

தாலி அவள் கழுத்தில் இருந்தது. அதை எடுக்க இன்னும் ஒரு நாள் இருந்தது.

வெற்றிலையில் வைத்த கற்பூரம் காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை நாட்டார் துண்டால் மறைத்துக் கொண்டார். பிடித்துக் கொண்டது. "எழுநூறு ரூபா வாங்கறேன். நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. கட்டிப்புடுவேன் தாயே" என்றாள் வள்ளி. வட்டி என்ற சொல்லை அவள் உரக்கச் சொன்னாள். பிறகு கற்பூரம் எரிந்து முடியும்வரை அழுதாள்.

பதினாறாம் நாள் பந்தலில் எழுநூறு ரூபாயை கோதண்டத்திடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. "மரத்த நான் நல்லாத்தான் பாத்துகினு இருந்திருப்பேன்" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் அது வட்டியாகத் தெரிந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தம்பியைப் பறித்துக்கொண்ட கடல்தானே, அதில் என்ன அருள் என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் பதில் தெரியாது. அவனை நினைக்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. ஆனால் எல்லாக் கதவும் மூடியிருந்த அந்தப் பகலில், உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்று கேட்டேன். அரை மணி நேரத்தில் காலிக் கூடையோடு ஒருவரை அம்மன் அனுப்பினாள். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவு.

அதன் பிறகு நான் மாறினேன். வாரம் ஒரு நாள் குப்பத்துக்கு வந்து, ஒவ்வொருவர் விலையையும் கடனையும் எதிரில் உட்கார்ந்து எழுதிக் காட்டுகிறேன். வள்ளியும் அஞ்சலையக்காவும் இன்னும் ஒன்பது பெண்களும் நாணயச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் போடுகிறார்கள். என் ஆறு வரிச் செய்தியைச் சுவரிலிருந்து நானே கிழித்தேன். அது தவறு என்று இன்னொரு செய்தி எழுதி அனுப்பினேன். போடவில்லை. மறுபடியும் அனுப்பினேன்.

உங்களில் யாராவது இப்போது அந்த மணலில் நின்று கொண்டிருக்கலாம். தீட்டோ, வெட்கமோ, கடனோ, எதுவாக இருந்தாலும் அவளிடம் கேளுங்கள். வெளியே நின்றே கேளுங்கள். பிறகு எழுந்து போய், பணம் தருகிறவரிடமும் கேளுங்கள்: வட்டி எவ்வளவு, கொஞ்சமாகக் கட்டினால் வாங்குவாயா, என் மீனை என் விலைக்கு விற்கலாமா என்று. வட்டியே இல்லை என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள். நம் ஊரிலேயே பணம் இருக்கிறது. அது நம் மீனிலிருந்து சேர்ந்த பணம்.

வள்ளி 1976 மாசியில் கடைசி ரூபாயைக் கட்டி முடித்தாள்.

கருமாதி முடிந்த ஐந்தாம் நாள் காற்று அடங்கியது. பொன்னனும் அவன் மச்சானும் மரத்தைத் தள்ளினார்கள். காலை ஒன்பது மணிக்குத் திரும்பினார்கள். இரண்டு கூடை இறால், கொஞ்சம் சங்கரா மீன். கரையில் வைத்து ஏலம் விட்டார்கள். முப்பத்தோரு ரூபாய்க்கு அஞ்சலையக்கா எடுத்தார். அந்த வலை வாங்கிய நாளிலிருந்து அந்த மரத்து மீன் ஏலத்துக்கு வந்தது அன்றுதான்.