மிச்சமிருந்தவர்களின் அணி

கிள்ளானில் நான் படித்த கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரே ஒரு முறைதான் அரையிறுதி வரை போனது. நான் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். அரையிறுதியில் கோலாலம்பூரின் பெரிய கல்லூரி ஒன்றிடம் தோற்றோம். ஆனாலும் திரும்பி வரும் வேனில் யாரும் அழவில்லை. அடுத்த சீசன் கோப்பை நமக்குத்தான் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டு வந்தோம்.

அப்படிப் பேச எங்களுக்குத் தைரியம் தந்தவள் ஜெஞ்சாரோமிலிருந்து வரும் என் தோழி. பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துவது அவள்தான். என் குடும்பம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மாறுவதற்கு முன்பே, இடைநிலைப் பள்ளியிலிருந்தே நாங்கள் சேர்ந்து ஆடுகிறோம். நான் ஓடிப் போய் நிற்பதற்குள் பந்து அங்கே வந்திருக்கும். எனக்கு இடது கையால் ஆட வராது. அது எதிரணிக்குத் தெரியாதபடி எப்போதும் வலது பக்கமாகவே பந்தைத் தருவாள்.

ஆண்டிறுதி விடுமுறையில் ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். கேப்டன் படிப்பை முடித்துக்கொண்டு போனார். எங்களிலேயே உயரமான சீனப் பெண் ஆஸ்திரேலியாவுக்குப் படிப்பை மாற்றிக்கொண்டாள். இன்னொருத்திக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. ஒவ்வொரு செய்தி வரும்போதும், என் தோழி இருக்கிறாளே, சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

கல்லூரி திறந்த வாரம், எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவள் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"நான் கே.எல். காலேஜுக்குப் போறேன்டி. ஃபுல் ஸ்காலர்ஷிப். ஹாஸ்டலும் குடுக்கிறாங்க."

"எந்தக் காலேஜ்?"

அவள் பார்வையைத் தாழ்த்திக் குவளையிலிருந்த ஐஸைக் கிளறினாள். அதிலேயே புரிந்துவிட்டது. எங்களைத் தோற்கடித்த அந்தக் கோலாலம்பூர் கல்லூரி.

"எப்ப கேட்டாங்க?"

"செமி ஃபைனல் முடிஞ்சதுமே அந்தக் கோச் வந்து பேசினாரு."

அப்படியென்றால், வேனில் எல்லோரும் கோப்பையைப் பற்றிக் கத்திக்கொண்டு வந்தபோதே அவளுக்குத் தெரியும்.

"அப்பாவுக்கு இடுப்பு சரியில்லலா. லோரி ஓட்ட முடியல. தம்பி தங்கச்சி படிக்கணும். நான் என்னதான் பண்ண?"

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். அதனாலேயே எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, வாழ்த்தவும் வாய் வரவில்லை. "சரி, போ" என்று மட்டும் சொன்னேன். என் தே ஐஸைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பயிற்சிக்கு வந்தவர்களைச் சேர்த்தால் நாங்கள் நான்கு பேர். களத்தில் நிற்கவே ஐந்து பேர் வேண்டும். பயிற்சியாளர் வயதான சீனர், அதிகம் பேசமாட்டார். இந்த ஆண்டு போட்டிக்குப் பேர் கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று மலாயில் என்னிடம் கேட்டார். நான்தான் இப்போது கேப்டனாம். ஆள் பிடித்து வருகிறேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு, வலைப்பந்து ஆடும் முதலாண்டுப் பெண்களிடம் போய்க் கெஞ்சினேன்.

வந்தார்கள், பாவம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்ததும் நின்றுவிட வேண்டும். அந்தப் பழக்கம் அவர்கள் காலிலேயே ஊறியிருந்தது. பந்து கைக்கு வந்ததும் சிலைபோல நின்று என்னைப் பார்ப்பார்கள். "தட்டிக்கிட்டே ஓடுங்கலா!" என்று கத்திக் கத்தித் தொண்டை போனது. அவர்களில் பூச்சோங் பெண் ஒருத்தி மட்டும், பயிற்சி முடிந்த பிறகும் சுவரோரமாகத் தனியே பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

முதல் ஆட்டமே என் தோழியின் புதிய கல்லூரியோடு அமைந்தது. அவள் வேறு நிறச் சட்டையில் இருந்தாள். ஆட்டம் தொடங்கியதும் அவளே என்னைத் தடுக்க வந்தாள். வந்து என் வலது பக்கமாக நின்றாள். இடது பக்கத்தை அப்படியே திறந்து விட்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனால் பந்து கையை விட்டு நழுவியது, வலது பக்கம் திரும்பினால் அவள் இருந்தாள். நான் விரலைக் காட்டிச் சைகை செய்தால், எங்கள் பெண்களுக்கு விளங்கும் முன்பே அவளுக்கு விளங்கியது. இத்தனை வருடம் என் குறையை மறைத்து வைத்தவளே இப்போது எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தாள். ஆட்டம் ஒருதலையாகிப் பாதியிலேயே அரங்கில் இருந்தவர்கள் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முடிந்ததும் தண்ணீர் போத்தலோடு என்னிடம் வந்தாள்.

"கோவமா?"

"இல்ல."

"லெஃப்ட்ல ஒரு வாட்டியாச்சும் ட்ரை பண்ணி பழகியிருக்கலாம்ல?"

"நீ இருந்தப்ப தேவைப்படலியே."

அவள் முகம் வாடியது. ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவள் பயிற்சியாளர் கூப்பிட, போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. சண்டை ஒன்றும் இல்லை, பேச எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த சீசனில் கடைசி ஆட்டத்தில் மட்டும் ஜெயித்தோம். எங்களைப் போலவே பாதிப் பேரை இழந்து வந்திருந்த அணி அது. வலைப்பந்துப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நானும் குதித்தேன். ஆனால் மனம் ஒட்டவில்லை. பயிற்சியாளரும் ஒரு பள்ளிக்கு மாறப்போவதாக அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

உடை மாற்றும் அறையில் பூச்சோங் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வியர்வை காயாத முகம் பளபளவென்று இருந்தது.

"அடுத்த வருஷம் நாம செமி போலாம்லக்கா? எனக்கு இப்ப ஓடிக்கிட்டே பந்து தட்ட நல்லா வருது."

என் படிப்பு முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. வேலைப் பயிற்சிக்கு ஷா ஆலமில் இடமும் கிடைத்திருந்தது.

"நான் இருக்க மாட்டேம்மா. எனக்கு கோர்ஸ் முடியுது."

"நீங்களுமாக்கா?"

நான் தலையசைத்தேன். அவள் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது போலும், வெகுநேரம் நிமிரவே இல்லை.