சகலைக்கு ஒரு எலுமிச்சம்பழம்

கோயமுத்தூரில் ஒரு பெரிய மாலில் நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டவன் நான். படி பளபளவென்று இருந்தது, மிதிக்க மனசு வரவில்லை. அதைப் பின்னால் நின்று பார்த்தவர் என் சகலை, என் மனைவியின் அக்காள் வீட்டுக்காரர். மோட்டார் கம்பெனி வைத்திருக்கிறார். நான் ஐந்தாவதோடு நின்று, அன்னூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன். அன்றிலிருந்து நோம்பி, காதுகுத்து, எழவு எதையும் அவர் விடவில்லை. கூட்டம் சேர்ந்ததும் செருப்பைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப்போலவே நடந்து காட்டுவார். நான் தலையைக் குனிந்து சிரிப்பேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்கு முன்பு என் குடும்பமும் சகலை குடும்பமும் சேர்ந்து இலங்கைக்குச் சுற்றுலா போனோம். விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நிச்சயத்தன்னிக்கு சம்பந்தியூட்டுக்காரங்களுக்கு அந்தப் படிக்கட்டுக் கதையச் சொல்லிப்போடோணுமுங்க சகல. மாமனாரு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு மாப்பிள்ளைக்குந் தெரியோணுமில்ல?"

என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். இந்த ஆளை விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மிரிசா என்கிற கடற்கரை ஊரில் திமிங்கலம் பார்க்க விடியற்காலையில் படகு. ஏறும்போது எல்லார் செருப்பையும் கழற்றி ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். வெறுங்காலோடு நின்ற சகலையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. படகுக்காரர் கொடுத்த வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது. வால்பாறை பஸ்ஸில் வளைவு ஏறும்போது முகர்ந்துகொண்டே போய்ப் பழக்கம்.

"ஏனுங்க சகல, திமிங்கலத்துக்கு ஜூஸ் போட்டுக் குடுக்கப் போறீங்களா?" என்று படகே சிரிக்கக் கேட்டார். மாத்திரை வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஓட்டலில் கட்டிக் கொடுத்த முட்டை ரொட்டியை, என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

கரை மறைந்ததும் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. சகலை முகம் வெளுத்துப் பாலிதீன் பைக்குள் தலையை விட்டார். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் கை நீண்டது.

"சகல... அந்தப் பழத்தக் கொஞ்சம் குடுங்க."

பழத்தை எடுத்தேன். நகத்தால் கீறி, நன்றாக இழுத்து முகர்ந்தேன். திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்தது. புஸ்ஸென்று தென்னை உயரத்துக்கு நீர்ப்புகை. பின்னாலேயே சாம்பல் நீலத்தில் ஒரு முதுகு, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள்.

"வந்துருச்சுங்களா?" பைக்குள்ளிருந்து சகலையின் குரல்.

"இல்லீங்க."

"பின்ன ஏனுங்க கத்தறாங்க?"

"டால்பினுங்க, சின்னது. பெருசு வந்தாச் சொல்றனுங்க. நீங்க படுங்க."

வால் எழுந்து ஒரு கணம் நின்று, சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. என் மகள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நிச்சயத்தன்று சாப்பாடு முடிந்து, மண்டபத்து வாசலில் சம்பந்தி வீட்டார் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சகலை கையை அகல விரித்துத் திமிங்கலத்தைச் சொன்னார். "அது என்ற கண்ணையே பாத்துச்சுங்க!" சொல்லட்டும் என்று இருந்தேன். பிறகு, "இன்னொரு கூத்து இருக்குதுங்க, நம்ம சகல இருக்காரே..." என்று குனிந்து செருப்பில் கை வைத்தார்.

வருகிறவர்களுக்கு மரியாதைக்குக் கொடுக்கிற தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"வாங்கிக்குங்க சகல. திமிங்கலத்த நேர்ல பாத்த ஆளு நீங்க. மோந்து பாருங்க, நல்ல வாசம்."

பேச்சு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சகலைங்களுக்குள்ள என்னா மருவாதி பாருங்க," என்றார் சம்பந்தி. "அதென்னமோ கூத்துன்னு சொன்னீங்களே?"

சகலை பழத்தையும் என்னையும் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க."

கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கதையை அவர் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் விசேஷத்துக்குப் போனால் என் சட்டைப் பையில் ஒரு பழம் இருக்கும். அவர் பார்வை முதலில் அங்கேதான் போகும்.

"போதும், உட்டுப்போடுங்க," என்கிறாள் மனைவி.

நாளைக்கு அவருடைய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். பெரிய பழமாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.