பூசைக்குப் படுக்காத ஸ்பானர்

ரப்பர் தோட்டத்தை விட்டு மஸ்ஜித் தானா ஊருக்குப் போகும் பாதையில் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தேன். அன்று ஆயுத பூசை. என் ஸ்பானர்களெல்லாம் பொட்டு வைத்துச் சாமி முன்னால் படுத்திருந்த நேரத்தில்தான் ரப்பர் ஆலையின் பம்பு நின்றது.

"இப்பவே திருத்து, இல்லையெண்டா வெளிக்கிடு" என்றார் தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணி.

"விடியறதுக்குள்ள சாமானத் தொட்டா கைய ஒடிச்சிருவோம்" என்றார்கள் லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள். நான் சாமானைத் தொடவில்லை; நடுவில் என் வேலை போயிற்று.

வழியில் எண்ணெய் மில் வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிந்தது. உள்ளே போய் ஒரு ஸ்பானரோடு வந்தார்.

"இது எங்க சாமான் தம்பி, பூசைக்கெல்லாம் படுக்காது. காலைல வந்து நம்ம மில்லு பம்பப் பாரு லா."

என் கோபம் தீரவில்லை. ஆனாலும் என் பிழைப்பைப் பற்றி அன்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். விடிந்ததும் அவர் மில்லில் பம்பைக் கழற்ற உட்கார்ந்தேன்.