பதினாறில் ஒன்றை விலக்குதல்

அலுவலகத்தில் அவரை 'இன்னொருதடவை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சோதனை தேறினாலும், "இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போம்" என்பார். கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் ஓடும் கெர்னல் என்ற நிரலை எழுதுவது அவர் தொழில். அதிலும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் போடும் பிராசசர்களில் ஒன்றை மட்டும் விலக்கி வைக்கும் பகுதி பதினோரு வருடமாக அவர் பொறுப்பு.

ஒரு மருத்துவமனை சர்வரின் பதினாறு பிராசசர்களில் ஒன்று தப்புக்கணக்குப் போட ஆரம்பித்தது. சர்வரையே நிறுத்தினால் வார்டுகள் திண்டாடிப்போகும். வியாழன் காலை அந்த ஒன்றை மட்டும் ஓய்வுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. புதன் மதியம் அதே மாதிரி இயந்திரத்தில் நானூறு தடவை ஒத்திகை பார்த்தார் அக்கா. ஒரே ஒரு தடவை இயந்திரம் அப்படியே உறைந்து நின்றது.

"நானூறுல ஒண்ணு. திருஷ்டிப் பொட்டுன்னு வெச்சுக்கோங்க," என்றார் குழுத்தலைவர்.

"அந்த ஒண்ணு நாளைக்கு அங்க வந்து விழுந்தா, வார்டுல போய் நீங்க இதைச் சொல்லுவீங்களா சார்?"

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உறைந்துபோன அந்தத் தடவையின் பதிவுகளை வரிவரியாகப் படித்தார்கள். விலகும் பிராசசர் தன் வேலைகளையும், குறித்த நேரத்தில் அவற்றை எழுப்பிவிடும் டைமர்களையும் மற்றவற்றிடம் ஒப்படைத்திருந்தது. அதற்கப்புறம் நெட்வொர்க் கார்டிலிருந்து அதற்கே கடைசியாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அந்தப் பிராசசரும் கடமை தவறாமல் புது டைமர் ஒன்றை வைத்துவிட்டு அணைந்துபோனது. அணைந்த பிராசசரில் அந்த டைமர் அடிக்கவே இல்லை. அதை நம்பியிருந்த வேலை காத்துக்கொண்டே நிற்க, மற்றவையும் அதன் பின்னால் தேங்கிவிட்டன.

அழைப்புகளை முதலில் வேறு பக்கம் திருப்பிவிட்டு, பிறகுதான் டைமர்களை மாற்றியிருக்க வேண்டும். இதை முன்பின்னாக எழுதியது யார் என்று பழைய குறிப்பைத் திறந்தார் அக்கா. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அவருடைய பெயர். காதுமடல் சுட்டது.

"நான் பண்ணுன வேலைதான் சார்."

"சரின்னு தலையாட்டினது நான்தானேம்மா. மாத்துங்க."

இரண்டு பத்திகளை இடம் மாற்றி, 'தவறு என்னுடையது' என்று குறிப்பும் எழுதி, ஐயாயிரம் தடவை ஓடவிட்டு வீட்டுக்குப் போனார்.

"ஏன் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கே?" என்றார் கணவர்.

"என் தப்ப நானே கண்டுபுடிச்சேன்."

"அப்ப திட்ட ஆள் வேண்டாம். வந்து சாப்பிடு."

காலையில் பார்த்தபோது ஐயாயிரமும் தேறியிருந்தது. பத்தேகால் மணிக்கு மருத்துவமனை சர்வர் அறையில், ஓடிக்கொண்டிருந்த சர்வரிலேயே திருத்தத்தை ஏற்றிவிட்டுக் கட்டளையைத் தட்டினார். திரையில் பதினாறு, பதினைந்தானது.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்றார் மருத்துவமனைப் பொறுப்பாளர்.

"முடிஞ்சிடுச்சுங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மாடிக்குப் போய் இரண்டு வார்டுகளைச் சுற்றிவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

"நர்சுங்க யாருக்கும் எதுவும் நடந்ததே தெரியலைங்க!"

அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.