தேம்ஸில் விழுந்த கோழி

வசந்தமலர் வேலைநாட்களில் லண்டன் குறொய்டனில், உடுப்புத் தோய்க்கும் லோன்றி ஒன்றில் சட்டை மடித்தாள். சனிக்கிழமைகளில் நோர்பரித் தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஏழு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். முதல் வருஷம், எண்பத்தேழில், எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொன்னாள். கொட்டாவி விட்டே கொன்றுவிட்டார்கள்!

அடுத்த வருஷம், சுவரில் ஒட்டும் மலிவு வோல்பேப்பர்ச் சுருள் ஒன்றை வெறும் பக்கம் மேலே வர நிலத்தில் விரித்தாள். ஆளுக்கொரு மிருகம், எல்லாருக்கும் ஒரே கதை. உன் மிருகம் என்ன செய்யவேண்டுமோ அதை நீயே தமிழில் எழுதவேண்டும். வராமல் விட்டால், மற்றவர்கள் அதை என்னவும் செய்யலாம். அம்மாடி, அந்தச் சட்டத்துக்குப் பிறகு சளிக்கும் பிறந்தநாள் பார்ட்டிக்கும்கூட ஒருவரும் வகுப்பை விடவில்லை.

பள்ளிக்கூடத் தலைவர் சபாரத்தினத்துக்குத்தான் இது பிடிக்கவில்லை.

"என்ன பிள்ளை இது, யானை பஸ் ஓட்டுது? தவணை முடியமுதல் ஏழு பேரும் தாங்களாய் எழுதிக் காட்டவேணும். ஏலாட்டி அறையை வீணை வகுப்புக்குக் குடுப்பம்."

ஆறு பேர் எழுதுவார்கள். ஏழாவது, ஆறு வயதுப் பவளக்கொடி. வாய் ஓயாது, பென்சிலைக் கண்டால் மட்டும் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே ஒளித்துவிடுவாள். அவள் எழுதாததால் அவளுடைய கோழி ஏழு கிழமையாகப் பஸ் தரிப்பிடத்திலேயே நின்றது.

தவணை முடிய ஒரு கிழமை இருக்க, பவளக்கொடிக்கு அம்மை போட்டது; வகுப்புக்கு வரவில்லை. யானைக்காரன் வாசுதேவனுக்குக் கொண்டாட்டம். "கோழி தேம்ஸில் விழுந்தது" என்று எழுதினான். அதோடு விட்டானா? பின்னேரம் போன் பண்ணி அவளுக்கும் சொல்லிவிட்டான், வால் முளைக்காத குரங்கு!

கடைசிச் சனி, சபாரத்தினம் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு பேர் எழுதினார்கள்.

"ஏழாவது எங்கை?"

அப்போது பவளக்கொடியின் அப்பா, மலேசியாக்காரர் மகாலிங்கம், ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். கையில் ஒரு கோர்ன்பிளேக்ஸ் அட்டை. அதில் அம்மைக்குப் பூசிய மருந்து பட்டு, இளஞ்சிவப்பாகக் குட்டிக் கைரேகைகள்; நடுவில் கோணல் எழுத்துகள்.

'என் கோழி சாகவில்லை. அதற்கு நீந்தத் தெரியும். வாசுதேவா, உன் யானையை அது கொத்தும். கொஞ்சம் பொறு.'

"அவளே எழுதினவளோ?" என்றார் சபாரத்தினம்.

"ஆமா சார். ரெண்டு நாளா குப்புறப் படுத்துக்கிட்டு எழுதினா. எங்க யாரையும் தொட விடல."

வசந்தமலருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சபாரத்தினம் அட்டையை இன்னொரு தரம் வாசித்தார். மீசை துடித்தது. பிறகு மண்டபம் அதிரச் சிரித்தார்.

"சரி, வீணைக்கு வேற இடம் பாப்பம். பிறகு? கோழி கரை ஏறிச்சுதோ?"

வசந்தமலர் பென்சிலை நீட்டினாள்.

"எனக்குத் தெரியாது அண்ணை. ஏறவேணுமெண்டால் நீங்கள்தான் எழுதவேணும்."

பிள்ளைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, மெல்லக் குனிந்து, அவர்களோடு நிலத்தில் முழங்காலிட்டார்.