நான்கு மூலை மஞ்சள்

என் அலமாரியில் ஒரு சார்ட் தாள் சுருண்டு கிடக்கிறது. விரித்தால் மேலே வரிசையாகத் தபால்தலைகள். கீழே 'கடிதம் எழுதும் முறை' என்ற தலைப்பில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பத்து விதிகள். வலப்பக்கம் ஒரு வெற்றிடம். அங்கே ஒட்டியிருந்த இன்லேண்ட் கடிதத்தைப் பிய்த்தவள் நான்தான்.

எழுத்தெல்லாம் லீடருடையது. ஏழாம் வகுப்பில் அவள்தான் எங்கள் வகுப்புத் தலைவி. என் கையெழுத்து எனக்கே படிக்க வராது என்பதால் ஒட்டும் வேலையை மட்டும் என்னிடம் விட்டிருந்தாள். பள்ளிக் கண்காட்சிக்காக, மாமல்லபுரத்தில் அவள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தோம். கடற்காற்றில் தாள் எழும்பாமலிருக்க நாலு பக்கமும் சிற்பக்கூடத்துக் கல்சில்லுகளை வைத்தோம். டம்ளர் தண்ணீரில் ஊறிய கவர் துண்டுகளிலிருந்து தபால்தலைகள் தாமாகவே கழன்று, மெதுவாகத் திரும்பித் திரும்பி மேலே வந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். அந்த நாள் முழுவதுமே தண்ணீருக்குள் நடந்தது போலத்தான் எனக்கு நினைவிருக்கிறது.

அப்போது அந்த வீட்டில் அவள் அம்மா இல்லை. கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு அச்சரப்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு மாதமாகியிருந்தது. யார் கேட்டாலும், "எங்க மாமாவுக்கு ஒடம்பு சரியில்ல, அம்மா பாத்துக்கப் போய்கீது" என்று லீடர் சொல்லிவிடுவாள். ஆனால் அவளே பின்னிக்கொண்ட இரட்டைச் சடையில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

விலாசம் எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. இன்லேண்டின் பெறுநர் இடத்தில் அவள் அச்சரப்பாக்கத்து விலாசத்தையே எழுதினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு மடித்து ஒட்டினாள்.

"உள்ள இன்னாடி எழுதின?" என்று கேட்டேன்.

"எழுதிகீறேன்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சுபச் செய்தி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும் என்பது ஏழாவது விதி. மாதிரி என்றால் முழுசாக இருக்கட்டுமே என்று, சார்ட்டில் ஒட்டிய கடிதத்துக்கு மஞ்சள் குழைத்துத் தாராளமாகத் தடவினேன். அது சார்ட்டிலும் வழிந்தது. லீடர் திட்டினாள்.

எங்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் சார்ட்டை டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டார். அவள் உருகி உருகி எழுதியிருக்கும் கடிதம் யாரும் படிக்காமல் என் வீட்டில் கிடப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. பிய்த்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை. மஞ்சள் தடவியது எனக்கு அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். லீடர் ஒற்றைக் காலில் நின்ற நேரம் அவள் அம்மா எதிரே வந்து நின்றார். பின்னால் தாய்மாமன். அவர் கையிலிருந்த தாம்பாளத்தில் புதுப் பாவாடை, வளையல், பூ.

"இன்னாடி இது? வயசுக்கு வந்த பொண்ணு உள்ள குந்தாம தெருவுல குதிச்சிகினு கீற?"

"யாரு வயசுக்கு வந்தது?" என்றாள் லீடர், தூக்கிய காலை இறக்காமல்.

எங்கள் பக்கத்தில், பன்னிரண்டு வயசுப் பெண் இருக்கும் வீட்டிலிருந்து தாய்மாமன் வீட்டுக்கு மஞ்சள் தடவிய கடிதம் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே நழுவிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் அப்பா வெளியே வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"வெயில்ல நிக்காத. உள்ள வா" என்றார்.

மணி ஆறு. வெயிலே இல்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சடங்கில்லாமலே அன்றைக்குக் கிண்டிய உளுந்தங்களியை நானும் தின்றேன். மறுநாள் பள்ளிக்கு வந்த லீடரின் சடைகள் இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, லீடரின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அவள் அம்மாவோடு உட்கார்ந்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்டி இன்னாதாம்மா அதுல எழுதியிருந்தா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்து இல்லியேடி. வெறுந்தாளு. பொண்ண வுட்டு விலாசம் எழுத வச்சிட்டு, எனக்கு எழுத வெக்கப்பட்டுகினு மஞ்ச மட்டும் தடவி அனுப்பிகீறாரு மனுசன்னு நெனச்சேன். ஒரு வரி இருந்திருந்தாகூட அதுல குத்தம் கண்டுபுடிச்சிகினு அங்கியே குந்தியிருப்பேன்."

பக்கத்தில் பத்திரிகை அடுக்கிக்கொண்டிருந்த லீடர் நிமிரவில்லை. "எவ்ளோ நேரம் பேனாவ வச்சிகினு இருந்தேன் தெரியுமா? ஒண்ணுமே வரலடி" என்றாள்.

இன்று சார்ட்டை விரித்துப் பார்த்தேன். தபால்தலைகள் பாதி உதிர்ந்துவிட்டன. வெற்றிடத்தைச் சுற்றி நாலு மூலையிலும் மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது. பத்தாவது விதியை மறுபடி படித்தேன்: 'சொல்ல வந்ததை மறைக்காமல் தெளிவாக எழுத வேண்டும்.' அதை முத்து முத்தாக எழுதி முடித்த கையோடுதான் அவள் அந்த வெறுந்தாளை மடித்து ஒட்டியிருக்கிறாள்.